ஆதார வாய்

என் மண்டையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வாயை மட்டும் மூடவே கூடாது என்கிறார் டாக்டரம்மா.

தலையை மூன்று பக்கமும் முடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அசைக்க வழியில்லை. முகத்துக்கு மேலே பச்சைத் துணி. துணிக்கு இந்தப் பக்கம் நானும் என் மூக்கு அரிப்பும். அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் என் மூளையும். மூளைக்கு வலி தெரியாதாம். அப்படியானால் இத்தனை வருஷம் நான் பட்ட வலியெல்லாம் யாருக்குத் தெரிந்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. தூக்க ஊசியிலிருந்து எழுப்பி, பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் பெயரைச் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, அந்தப் படத்துல இருக்கறது என் வாய் இல்ல."

துணிக்கு அந்தப் பக்கம் கருவிகளின் சத்தம் நின்றது.

"பின்ன யாரு வாய்?"

"கீழ வரைபட மையத்துல இருக்காரே இயக்குநர், அவரு வாய்."

டாக்டரம்மா ஏதோ ஒரு குச்சியால் மூளையைத் தொட்டிருக்க வேண்டும். என் வலது கட்டைவிரல், டிக்கெட் கிழிக்கிற விரல், தானாகத் துள்ளியது. குச்சியின் நுனியில் கொஞ்சம் மின்சாரம் வருமாம். தொட்ட இடம் எந்த உறுப்புடையதோ அந்த உறுப்பு துள்ளுமாம், இல்லையென்றால் உறைந்து நிற்குமாம். படத்தின்படி அந்த இடத்தில் என் உதடு இருக்க வேண்டும். உதட்டுக்குப் பதில் கட்டைவிரல் துள்ளினால் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

"அந்தப் படத்த ஓரமா வைங்க," என்று யாரிடமோ சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்தார். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. நான் தொடற எடத்துல பேச்சு நின்னுச்சுன்னா அங்க வெட்ட மாட்டேன். நிக்கலன்னா வெட்டலாம். அவ்வளவுதான். அவரு வாய் எப்படி உங்க பேர்ல வந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க, அவசரமில்ல."

அவசரமில்லையாம். திறந்திருப்பது என் மண்டை. ஆனாலும் வாரக்கணக்கில் வாயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தவனை ஒருவர் பேசச் சொல்கிறார். விடுவேனா? ஆரம்பிக்கிறேன்.

நான் நகரப் பேருந்தில் நடத்துனர். மற்ற நடத்துனர்கள் கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு திரிவார்கள். எனக்கு உதடே போதும். குவித்து ஊதினால் பின்படிக்கட்டிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டுநர் காதுக்குப் போய்விடும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போகலாம். இந்த இரண்டே சட்டத்தை வைத்துக்கொண்டு நானும் எங்கள் ஓட்டுநரும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினோம். அவன் முதுகை நான் பார்ப்பேன், என் குரலை அவன் கேட்பான். புருஷன் பெண்டாட்டிக்குள்கூட இவ்வளவு தெளிவு கிடையாது.

ஒருநாள் காலை, சந்தை நிறுத்தத்தில் இரண்டு அடித்தேன். வெறும் காற்று வந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி அடித்தேன். வாயின் வலது ஓரத்தில் காற்று கசிந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, டயர் பஞ்சரா மாமா என்று கேட்டான். வண்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். மத்தியானம் டீ குடித்தபோது பாதியைச் சட்டை குடித்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

படம் எடுத்துப் பார்த்ததில், மூளையின் இடது பக்கம், வாயை ஆட்டிவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிற கட்டி. சீக்கிரம் எடுத்துவிட்டால் வாய் பிழைக்கும், தள்ளிப்போட்டால் போன வாய் திரும்பாது என்று இதே டாக்டரம்மாதான் சொன்னார். ஆனால் அந்த மருத்துவமனையில் ஒரு விதி. வாய்க்குப் பக்கத்தில் கத்தி வைக்க வேண்டுமென்றால், நோயாளியின் வாய் மூளையில் எங்கே இருக்கிறது என்று நிலத்தடித் தளத்தில் இருக்கும் வாயசைவு வரைபட மையம் சான்று கொடுக்க வேண்டும். அது ஒரு மத்தியான வேலை என்றார்.

"நான் அப்படியா சொன்னேன்?" என்கிறார் டாக்டரம்மா துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சொன்னீர்கள்.

நடத்துனருக்கு வாய் போனால் என்ன மிச்சம்? பணிமனையில் சக்கரம் கழுவ அனுப்பிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் வீட்டில் விடாமல் பேசுகிறவன். என் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிவிட்டு வந்து, வீட்டில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காலை நீட்டிக்கொள்வாள். அன்றைக்கு ராத்திரி என் வாயோரத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள். "உங்க வாய் எப்படா ஓயும்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். இப்ப பயமா இருக்குங்க," என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் ஏதோ ஜோக்கடித்தேன். ஜோக்கின் பாதி காற்றாகப் போய்விட்டது.

நிலத்தடித் தளத்துக்கு இறங்கினோம். மையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'வாயைத் திறக்காதீர்கள். அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.'

உள்ளே நாற்காலிகளெல்லாம் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒருவர் வாயசைப்பதைப் பார்த்தால் பார்க்கிறவர் மூளையிலும் வாய் லேசாக அசையுமாம். அதனால் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. எல்லோரும் தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, வாய் சூடாகிவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சைகையிலேயே சொல்லி அவரை வெளியே அனுப்பினார். கழிப்பறை எங்கே என்று என் மனைவி கேட்டதற்கு அவளையும் வெளியே அனுப்பினார்கள். அவள் நோயாளியே இல்லை என்பதை நான் கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். கை ஆட்டுவது வேறு பிரிவாம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். முகம் இல்லை. வாய் மட்டும். மூடிய வாய், ஆள் உயரத்துக்கு. கீழே 'ஆதார வாய்' என்று பொறித்திருந்தது. மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரம் வந்து இறங்கிய நாளில் முதல் ஆளாக அதற்குள் படுத்தவர் இயக்குநர்தானாம். அன்றைக்கு அவர் மூளையில் வாய் எங்கே தெரிந்ததோ, அதுதான் மனித குலத்தின் வாய் இருக்க வேண்டிய இடம் என்று முடிவாகிவிட்டது. வேறு வாய் அந்தச் சமயத்தில் கைவசம் இல்லை.

பிறகு இயக்குநரே வந்தார். புகைப்படத்துக்குப் பக்கத்தில் நின்று வரவேற்புரை ஆற்றினார். வாயசைவைப் பார்க்கக் கூடாது என்பதால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம்.

"மூளையில காலுக்கு இத்துனூண்டு எடம். முதுகுக்கு அதவிடக் கம்மி. வாய்க்கு மட்டும் எவ்வளவு எடம் தெரியுமா? இவ்வளவு எடத்த வச்சிருக்கற உறுப்ப ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பயன்படுத்த விட்டா என்ன ஆகும்? அதனாலதான் இந்த மையம். இத்தனை வருஷத்துல எங்க வரைபடத்துல ஒரு வாய்கூடத் தப்பா வந்ததில்ல. தப்பா வந்த வாய நாங்க சேர்க்கறதே இல்ல."

பேச்சு முடிந்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. கைதட்டினோம். கை வேறு பிரிவு என்பதால் அதை யாரும் தடுக்கவில்லை.

இங்கே, துணிக்கு அந்தப் பக்கம், ஒலிபெருக்கி கரகரக்கிறது. இயக்குநரின் குரலேதான். அறுவை அரங்கின் மேல்மட்டத்தில் ஒரு கண்ணாடிக் கூடம் உண்டு. இன்றைக்கு மையத்தின் ஆண்டு விழா. தங்கள் வரைபடத்தை வைத்து நடக்கும் அறுவையைக் காட்ட விருந்தினர்களைக் கூட்டிவந்து அங்கே உட்காரவைத்திருக்கிறார். "நோயாளி பேசற மாதிரி தெரியுதே டாக்டர். வாய ஓய்வா வச்சிருக்கச் சொல்லுங்க. படத்தோட ஒத்துப்போகாது," என்கிறார்.

"அந்த ஒலிபெருக்கியக் கொஞ்சம் கொறைங்க," என்கிறார் டாக்டரம்மா. "நீங்க சொல்லுங்க. உள்ள போனீங்களா?"

போனேன். இயந்திரத்தை இயக்கும் பெண் என்னைப் படுக்கவைத்தாள். என் மகள் வயசு இருக்கும். எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பது மாதிரி பேசினாள். முகத்துக்குக் கூண்டு மாட்டினாள், காதுக்குப் பஞ்சு வைத்தாள், கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்தாள். ஒருதடவை அழுத்தினால் நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டுதடவை அழுத்தினால் முதலிலிருந்து எடுங்கள் என்று அர்த்தம். வெளியே எடுங்கள் என்பதற்கு எத்தனைதடவை அழுத்த வேண்டும் என்று கேட்டேன்.

"அத வாயால சொல்லணும் சார்."

"வாயத் திறக்கக் கூடாதே?"

"ஆமா சார்," என்றாள். பிறகு, "உள்ள போங்க, இன்னும் கொஞ்சம் உள்ள போங்க," என்று படுக்கையைத் தள்ளினாள். வாழ்நாளெல்லாம் நான் பிறருக்குச் சொன்ன வார்த்தை. அதை எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல்தடவை.

உள்ளே மூக்குக்கு மேலே ஒரு கையகலம்தான் இடம். இயந்திரம் பற்சக்கரம் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி அலறியது. கண்ணுக்கு எதிரே ஒரு கண்ணாடி, அதில் படங்கள் வரும். உதட்டுப் படம் வந்தால் உதட்டைக் குவிக்க வேண்டும், நாக்குப் படம் வந்தால் நாக்கை ஆட்ட வேண்டும், கூட்டல் குறி வந்தால் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். குவிப்பதும் ஆட்டுவதும் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலை. விழுங்கக் கூடாது என்று சொன்ன மறுநொடியே வாயில் எச்சில் ஊறியது. வலது ஓரத்தில் கசிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எட்டாது. விழுங்கினேன்.

"எச்சில் விழுங்கிட்டீங்க சார்," என்றது குரல். முதலிலிருந்து எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்தது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றால் அதற்குள் வாய் இன்னும் எத்தனை தூரம் இறங்கியிருக்குமோ. செத்தாலும் இதற்குள்தான் என்று தோன்றிவிட்டது. எப்படியாவது போய்விட வேண்டும், போகலாம், போகலாம் என்று மனசு அடித்துக்கொள்ள, கை பழக்கதோஷத்தில் உருண்டையை இரண்டுதடவை அழுத்திவிட்டது.

"சரி சார். மொதல்லேருந்து எடுக்கறோம்."

உதட்டுப் படம் வந்தது. நாக்குப் படம் வந்தது. கூட்டல் குறி வந்ததும் மறுபடி நெஞ்சு அடைத்தது, கை மறுபடி இரண்டு அழுத்தியது. உருண்டையின் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் சொன்னது தலையில் இருந்தது, ஆனால் கைக்குப் பேருந்துச் சட்டம் மட்டும்தான் தெரியும். போகலாம் போகலாம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, முதலிலிருந்து முதலிலிருந்து என்று அவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள், எண்ணினால் கோபம் வரும்.

வெளியே எடுத்தபோது எழுந்து உட்காரவே தெம்பில்லை. இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவ்வளவு ஆர்வமுள்ள நோயாளியை மையம் கண்டதில்லையாம். அந்தப் பெண் என் முகக் கூண்டைக் கழற்றிக்கொண்டே, ஏன் சார் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னீங்க என்று மெதுவாகக் கேட்டாள். ஒப்பிக்காமல் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"பஸ்ல ரெண்டு அடிச்சா போலாம்னு அர்த்தம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "இங்க மாத்த முடியாது சார்," என்றாள் சுவரிடம். "போர்டு எழுதியாச்சு."

கதையின் இந்த இடத்தில்தான் அது நடக்கிறது. அடுத்து இயக்குநர் அறைக்கு என்னை அழைத்தார்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன். இயக்கு என்பது வரை வந்து நின்றுவிடுகிறது. வார்த்தை எனக்குத் தெரியும். கண்ணெதிரே நிற்கிறது. நாக்கு பலகையாகக் கிடக்கிறது, உதடு இன்னொருவருடையது மாதிரி கிடக்கிறது. நான் இருக்கிறேன், வாய் இருக்கிறது, நடுவில் ஆள் இல்லை. இதுதான் இனிமேல் என்றால்?

குச்சி விலகுகிறது. "நர் அறைக்கு," என்று மிச்சம் வந்து விழுகிறது.

"பயப்படாதீங்க. உங்க வாய் இங்கதான் இருக்கு," என்கிறார் டாக்டரம்மா. நகக்கண் அளவு காகிதத் துண்டு ஒன்றை அந்த இடத்தில் அடையாளத்துக்கு வைக்கச் சொல்கிறார். "ரொம்பப் பின்னாடி தள்ளியிருக்கு. இத நான் தொட மாட்டேன். சொல்லுங்க, சொல்லுங்க."

மையம் வாரக்கணக்கில் தேடிய வாய். ஒரு துண்டுக் காகிதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நிறுத்தக் கூடாதாமே, பேச வேண்டுமாமே. பேசுகிறேன்.

இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். மேஜைமேல் இரண்டு படம். இரண்டிலும் மூளை, மூளைமேல் ஒரு சிவப்புப் பொட்டு. ஒன்று அவர் வாய், ஒன்று என் வாய். என் பொட்டு பின்னால் தள்ளி இருந்தது. அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"உங்க வாய் இருக்க வேண்டிய எடத்துல இல்ல."

கட்டி தள்ளியிருக்கும் சார் என்றேன். பேருந்தில் ஒரு மூட்டையை ஏற்றினால் பக்கத்தில் நிற்கிறவர் நகரத்தானே செய்வார்.

"ஏன் நகர்ந்துச்சுங்கறது எங்க கேள்வி இல்ல. எங்க இருக்கணும்ங்கறதுதான் எங்க கேள்வி. தப்பான எடத்துல இருக்கற வாய்க்கு நான் எப்படிச் சான்று குடுக்க முடியும்? ஒண்ணு பண்ணுங்க. மொதல்ல அந்தக் கட்டிய எடுத்துட்டு வாங்க. வாய் தானா எடத்துக்கு வந்துரும். உடனே வரைபடம் தர்றேன்."

"வரைபடம் இருந்தாதானே சார் கட்டிய எடுப்பாங்க?"

"அது அறுவைப் பிரிவோட பிரச்சினை," என்றார் பெருந்தன்மையோடு. "அவங்க வேலையில நான் தலையிடறதில்ல."

அதற்குள் பேச்சு பாதி குழற ஆரம்பித்திருந்தது. ஓட்டுநருக்கு வேறு நடத்துனரைப் போட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து, புதுப்பையன் விசில் அடித்தால் வண்டிக்கே பிடிக்கவில்லை மாமா என்றான். நான் பதில் சொன்னேன், அவன் இரண்டுதடவை என்ன என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் போகும்வரை நான் பேசவில்லை.

மையம் என்னைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாயைப் பழைய இடத்துக்கு வரவழைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் ஆதார வாய்க்கு முன்னால் உட்காரவைத்து, அதே மாதிரி மூடு என்றார்கள். இயக்குநர் சிரிப்பதை, கொட்டாவி விடுவதை, தொண்டையைச் செருமுவதைக் காணொளியில் போட்டு அதே மாதிரி செய் என்றார்கள். செய்தேன், விடாமல் செய்தேன். ஒருநாள் வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "யாரு மாதிரிங்க சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். பொட்டு மட்டும் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

நகர்ந்தது ஆண்டு விழாவால்தான். விழாவுக்குக் காட்ட ஒரு வாய் தேவைப்பட்டது. கைவசம் இருந்த வாய்களில் ஆர்வமுள்ள வாய் என்னுடையது. இயக்குநர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கணினியில் என் மூளைக்குப் பக்கத்தில் தன் மூளையை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பொட்டைத் தன் பொட்டின் மேல் இழுத்துவைக்கச் சொன்னார். அவள் கை தயங்கியது. "இது பொய்யில்லம்மா, திருத்தம்," என்றார். அவள் இழுத்தாள். என் வாய் திரையின் குறுக்கே ஊர்ந்து போய் அவர் வாய்மேல் உட்கார்ந்தது. எனக்கு வலிக்கவில்லை. சான்றில் முத்திரை விழுந்தது.

வெளியே மனைவியிடம் சொன்னேன். "வாங்கிட்டு வாங்க. இது இல்லன்னா கதவே தொறக்க மாட்டாங்க. உள்ள போய் அந்த டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லிக்கலாம்," என்றாள்.

சொல்லிக்கொள்ள விட்டால்தானே? சான்று பெற்ற வாயை அறுவைவரைக்கும் பயன்படுத்தக் கூடாதாம். பயன்படுத்தினால் படம் பழசாகிவிடுமாம். அதனால் என் வாயின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் மையத்தின் முத்திரையைக் குத்தினார்கள். வார்டுக்கு வந்த நர்ஸிடம் விஷயத்தை எழுதிக் காட்டினேன். வரைபடம் பற்றிய புகாரா, சரி என்று அதை மையத்துக்கே அனுப்பிவிட்டார். மனைவி டாக்டரம்மாவைப் பார்க்க அறுவைப் பிரிவு வாசலில் நாள் முழுக்க நின்றாள். நோயாளியின் வாய் பற்றி நோயாளிதான் பேச வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்குக் காலை மயக்க மருத்துவர் பிளாஸ்திரியைப் பிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஊசியைப் போட்டார்.

"அவங்க வாசல்ல நின்னது எனக்குத் தெரியாதுங்க," என்கிறார் டாக்டரம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "இப்ப வெளியதான் இருக்காங்களா?"

இருப்பாள். எங்கே போவாள்?

"சரி. இன்னும் ஒரு ஓரம்தான் பாக்கி. பேசுங்க."

கதை தீர்ந்துவிட்டது. ஆனால் பேச்சை நிறுத்தக் கூடாது. எங்கள் தடத்தின் நிறுத்தங்களைச் சொல்கிறேன். பணிமனை, தண்ணீர்த்தொட்டி, பழைய தபால் நிலையம், பெண்கள் பள்ளி, சந்தை. இறங்குகிறவர்கள் முன்னால் வாருங்கள். படியில் நிற்காதீர்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள். மேம்பாலம், ரொட்டித் தொழிற்சாலை, விளையாட்டுத் திடல். போய்க்கொண்டே இருக்கிறேன். கடைசி நிறுத்தம் வந்துவிடுமோ என்று பயந்து திரும்பும் தடத்தையும் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

"போதும்," என்கிறார் டாக்டரம்மா. "கட்டி வந்துருச்சு."

நான் இன்னும் விளையாட்டுத் திடல் விளையாட்டுத் திடல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் மறுபடி வராமல் போய்விடுமோ என்று பயம்.

"கடைசியா ஒண்ணு. உதட்டக் குவிச்சு விசில் அடிங்க பாக்கலாம்."

உதட்டைக் குவிக்கிறேன். வாரக்கணக்கில் இயக்குநர் மாதிரி மூடப் பழகிய உதடு. சந்தை நிறுத்தத்தில் என்னை ஏமாற்றிய உதடு. ஊதுகிறேன். முதலில் காற்று. வலது ஓரம் இன்னும் கசிகிறது. ஓரத்தை இறுக்கி மறுபடி ஊதுகிறேன்.

வருகிறது. மெல்லியதுதான், ஆனால் விசில். கூடவே இன்னொன்று. இரண்டு.

விசில் ஓய்ந்ததும், குறைத்து வைத்த ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் கேட்கிறது. விருந்தினர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். "கவனிச்சீங்களா, ரெண்டு. நோயாளி மொதல்லேருந்து எடுக்கச் சொல்றார். நம்ம மையத்துல பழகின குறி. டாக்டர், மொதல்லேருந்து எடுங்க."

எனக்கு மறுபடி அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பது போலவே இருக்கிறது. தலை நகராது. கை கட்டியிருக்கிறது. மூக்குக்கு மேலே பச்சைத் துணி. மேலே அவர் குரல். கத்தக்கூடத் தோன்றவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் வருகிறது. இயந்திரத்தை இயக்கும் அந்தப் பெண்தான், ஆனால் இப்போது ஒப்பிக்கிற குரல் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட குரலும் இல்லை.

"இல்ல சார். ரெண்டுன்னா போலாம்னு அர்த்தம்."

டாக்டரம்மா தையலுக்கு நூல் கேட்கிறார். வெளியே நிற்கிற அவர் மனைவியிடம் போய், அவர் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு வா என்று ஒருவரை அனுப்புகிறார். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் வாயை மூடுகிறேன்.